சாமான் லிஸ்ட் எங்கே போனது?

நம் விடுதி மெஸ்ஸில் மாணவர்கள் இரண்டே வகை: வெஜ், நான்-வெஜ். மாதக் கடைசியில் பில்லும் அந்த இரண்டு வகைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிக்கன் வாளி எந்தப் பக்கம் திரும்புகிறதோ, அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். நான்கு வருடம் அங்கே சாப்பிட்டதில், "இந்த சாம்பாரில் கோதுமை இருக்கிறதா?" என்று யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. யாராவது கேட்டிருந்தால், "தம்பி, சாம்பார்ல பருப்புதான் இருக்கும், அதுவும் தேடினாத்தான் கிடைக்கும்" என்று மாஸ்டர் பதில் சொல்லியிருப்பார்.

ஆனால் கேள்வி நியாயமானது. சாம்பாரில் கோதுமை இருக்கலாம். அது பெருங்காயத்துக்குள் உட்கார்ந்து வருகிறது.

நாம் கடையில் வாங்கும் டப்பாவில் பெரும்பாலும் இருப்பது கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயம் என்பது ஃபெருலா என்ற செடியின் வேரைக் கீறி எடுக்கும் பால் இறுகி உண்டாகும் பிசின். ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்து மலைகளில் கிடைப்பது. அரசு ஆய்வகம் ஒன்று இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் அதைப் பயிரிடத் தொடங்கியது 2020 அக்டோபரில்தான். அந்தப் பிசினின் நெடியை அப்படியே சமையலில் போட்டால் தாங்காது. எனவே கோந்தும், மைதாவோ அரிசி மாவோ சேர்த்துக் கட்டியாகவும் பொடியாகவும் ஆக்குகிறார்கள். இது கலப்படம் அல்ல. உணவு விதிகளே அனுமதிக்கின்றன. டப்பாவின் பின்பக்கம் சிறிய எழுத்தில் போட்டும் இருக்கும்.

ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்று தோன்றும். எஞ்சினியர்கள்தானே, கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சாம்பாருக்கு ஒரு கிராம் பெருங்காயம். அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். அரை கிராம் மைதாவில் சுமார் 50 மில்லிகிராம் புரதம். அதில் ஐந்தில் நான்கு பங்கு குளூட்டன்; அதாவது 40 மில்லிகிராம். "குளூட்டன் இல்லாதது" என்று ஒரு உணவைச் சொல்ல வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். நம் சாம்பார் அதைப்போல இரண்டு மடங்கு! சீலியாக் நோய் உள்ளவர், "எனக்கு சப்பாத்தி வேண்டாம், சோறும் சாம்பாரும் போதும்" என்று நம்பிச் சாப்பிடும் சாம்பார் அது.

சப்-அசெம்பிளி

தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்றால் தெரியும். ஒரு பம்புக்கு என்னென்ன பாகம், எத்தனை என்ற பட்டியல். அதில் "மோட்டார் - 1" என்று ஒரே வரி இருக்கும். ஆனால் அந்த மோட்டாருக்குள் நூறு சாமான் இருக்கிறது. அந்த வரியைப் பிரித்து அடுத்த மட்டத்துக்குப் போனால்தான் உள்ளே எந்த பேரிங், எந்த கிரீஸ் என்பது தெரியும். பிரிக்காத வரைக்கும் ஒரு பெயர்தான்.

உணவிலும் அதுதான் நடக்கிறது. பெருங்காயம், சாஸ், மசாலா, 'இயற்கை வாசனைப் பொருள்' எல்லாம் ஒரு வரிப் பெயர்கள். அந்த ஒரு வரியைப் பிரித்துக் காட்டு என்று சட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு வந்த வரலாறு சுவையானது, சில இடங்களில் வேதனையானது. என்ன சாப்பிடுகிறோம் என்பது பக்தி உள்ளவருக்கும் பிரச்சினை, கொள்கை உள்ளவருக்கும் பிரச்சினை, உடம்பு ஒத்துக்கொள்ளாதவருக்கும் பிரச்சினை. மூவர் கேட்பதும் ஒரே கேள்விதான்: இதற்குள் என்ன இருக்கிறது?

பஞ்சம் காட்டிய விடை

கோதுமை சில குழந்தைகளைக் கொல்லும் என்பதே வெகுகாலம் யாருக்கும் தெரியாது. குழந்தைகள் வயிறு உப்பி, கை கால் சூம்பி, வளராமல் போகும் நோயை லண்டனில் சாமுவேல் ஜீ என்ற மருத்துவர் 1888-ல் விவரித்தார். உணவை மாற்றினால்தான் குணம் கிடைக்கும் என்று ஊகித்தார். எந்த உணவு என்று தெரியவில்லை. 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் வாழைப்பழப் பத்தியம் சொன்னார். குழந்தைகள் தேறின. அதனால் வாழைப்பழத்துக்குப் பெரிய பெயர் கிடைத்தது. உண்மையில் உதவியது பழம் அல்ல. அந்தப் பத்தியத்தில் ரொட்டி இல்லாமல் போனதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930-களிலேயே அவருக்கு ரொட்டி மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் அந்த நாட்டில் கொடும் பஞ்சம். ரொட்டி கிடைக்காமல் ஊரே வாடியபோது இந்த நோயாளிக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் மறுபடியும் படுத்தார்கள். அதன்பின் முறையாகச் சோதித்து 1950-ல் தன் ஆய்வேட்டை வெளியிட்டார். ஒரு பொருளைப் பட்டியலிலிருந்து எடுத்துப் பார், பிறகு திரும்பப் போட்டுப் பார் என்ற எளிய எஞ்சினியரிங் முறைதான். அந்தச் சோதனையை முதலில் நடத்தியது பஞ்சம் என்பதுதான் சோகம்.

சீலியாக் நோய் மெதுவாகக் குடலை அரிப்பது. அலர்ஜி வேறு, அது நிமிடக் கணக்கில் தாக்கும். 'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் வியன்னாவின் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கினார். 1921-ல் ஜெர்மனியில் இரண்டு மருத்துவர்கள் ஒரு விசித்திரமான சோதனை செய்தார்கள். ஹைன்ஸ் குஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவருடைய சீரத்தைக் கொஞ்சம் எடுத்து கார்ல் பிரவுஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் அங்கே தடித்துச் சிவந்தது. ஆக, இது மனப்பிரமையோ வீண் பிடிவாதமோ அல்ல, ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்று என்று நிரூபணம் ஆயிற்று. அந்த ஏதோ ஒன்றை ஐ.ஜி.ஈ. என்று 1966-ல் அடையாளம் காட்டியவர்கள் இஷிஸாகா என்ற ஜப்பானியத் தம்பதி. "சும்மா ஒரு வாய் சாப்பிடு, ஒண்ணும் ஆகாது" என்று இன்றும் வற்புறுத்தும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

25 சதவீத விதி

மருத்துவம் இவ்வளவு தெரிந்துகொண்ட பிறகும் லேபிள் பின்தங்கியே நின்றது. ஐரோப்பாவில் ஒரு விதி இருந்தது. ஒரு உணவில் சேரும் கூட்டுப்பொருள் மொத்த எடையில் 25 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டியதில்லை. ஒரு கிலோ பீட்ஸாவில் 200 கிராம் சாஸேஜ் இருந்தால், "சாஸேஜ்" என்று எழுதினால் போதும். சாஸேஜுக்குள் பால் பொடியா, சோயாவா, ரொட்டித் தூளா என்பது தயாரிப்பாளருக்கு மட்டுமே வெளிச்சம். உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் 1985-ஆம் ஆண்டுத் தரத்திலும் இதே 25 சதவீதம்தான்.

அலர்ஜிக்காரருக்கு எடை விகிதம் ஒரு பொருட்டே இல்லை. மில்லிகிராம் போதும். 1999-ல் கோடெக்ஸ் அந்த 25-ஐ 5 ஆக்கியது. அதோடு பால், முட்டை, மீன், வேர்க்கடலை போன்ற எட்டு வகைகளை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும் என்றது. ஐரோப்பா 2003-ல் புது உத்தரவு போட்டு, 2005 நவம்பர் முதல் 25 சதவீத விதியைக் கைவிட்டது. அமெரிக்கா 2004-ல் சட்டம் இயற்றி 2006 ஜனவரி முதல் அமல்படுத்தியது. பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் அடுத்த மட்டத்துக்குப் பிரிந்தது.

ஒரே வறுவல், இரண்டு ரகசியம்

இதற்கு நான் பார்த்த நல்ல உதாரணம் மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்தின் உருளைக்கிழங்கு வறுவல். அமெரிக்காவில் மாட்டுக் கொழுப்பில் பொரித்துக்கொண்டிருந்தவர்கள், 1990-ல் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக அறிவித்தார்கள். அங்கே குடியேறிய நம்மவர் பலர் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். ஆனால் பழைய ருசி போகாதிருக்க, தொழிற்சாலையிலேயே மாட்டிறைச்சி சார்ந்த ஒரு வாசனைப் பொருள் சேர்க்கப்பட்டது. லேபிளில் அது "இயற்கை வாசனைப் பொருள்". 2001-ல் சியாட்டிலில் வழக்கு வந்தது. 2002-ல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ உணவு அமைப்புகள் போன்றவற்றுக்கு ஒரு கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது.

கதை அங்கே முடியவில்லை. 2006-ல் புது அமெரிக்கச் சட்டம் அமலுக்கு வந்த சில வாரத்தில், அதே வாசனைப் பொருளுக்குள் கோதுமையும் பாலும் சார்ந்த பொருட்கள் இருப்பதை அந்த நிறுவனம் வெளியிட்டது. சீலியாக் நோயாளிகளும் பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் அதுவரை அதைப் பத்திரமான பண்டம் என்று நம்பிச் சாப்பிட்டவர்கள். மீண்டும் வழக்குகள். ஒரே வரிக்குள் பக்தருக்கு ஒரு ரகசியமும் நோயாளிக்கு ஒரு ரகசியமும் ஒளிந்திருந்தன!

பச்சைப் புள்ளி

இந்த விஷயத்தில் நம் நாடு ஒரு காரியத்தை உலகத்துக்கு முன்மாதிரியாகச் செய்தது. 2001-ல் பாக்கெட் உணவுகளில் சைவத்துக்குப் பச்சை, அசைவத்துக்குப் பழுப்பு அடையாளம் கட்டாயமாயிற்று. பால், பால் பொருட்கள் தவிர, விலங்கு சார்ந்த எது இருந்தாலும், முட்டை உட்பட, பழுப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நிறக்குருடு உள்ளவர்களுக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தெரியுமே என்ற சிக்கலுக்கு 2020-ஆம் ஆண்டு விதிகளில் தீர்வு வந்தது. பழுப்பு வட்டம் பழுப்பு முக்கோணமாயிற்று. நல்ல டிசைன் திருத்தம்.

ஆனால் அது ஒரே ஒரு கேள்விக்கான பதில். வேர்க்கடலைக்கும் பச்சைப் புள்ளி, முந்திரிக்கும் பச்சைப் புள்ளி, மைதாவுக்கும் பாலுக்கும் பச்சைப் புள்ளி. பச்சை என்றால் பயமில்லை என்று நம் மனசு பழகிவிட்டது. என் வகுப்புத் தோழன் ஒருவனின் மகளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஒருமுறை ஆஸ்பத்திரி வரை போய் மீண்ட குழந்தை. கல்யாணம், காதுகுத்து எதற்குப் போனாலும் டிபன் பாக்ஸோடு போகிறார்கள். நம் சங்கம நாளுக்குக் குடும்பத்தோடு வரலாமா என்று யோசித்தவன் குரூப்பில் கேட்டான்: "சாப்பாட்டுல என்னென்ன போடறாங்கன்னு தெரியுமாடா?" உடனே பதில் வந்தது: "ப்யூர் வெஜ்தான் மச்சி, தைரியமா கூட்டிட்டு வா." பதில் சொன்னவன் நல்லவன், அன்பாகத்தான் சொன்னான். அவன் பதில் சொன்ன கேள்வி வேறு.

2020 விதிகளில் இந்தியாவுக்கும் அலர்ஜிப் பொருட்களின் பட்டியல் இருக்கிறது: குளூட்டன் உள்ள தானியங்கள், நண்டு இறால் வகை, பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, சல்ஃபைட். ஐரோப்பியப் பட்டியலில் உள்ள 14-ல் எள்ளும் கடுகும் உண்டு. நம் 2020 பட்டியலில் அவை இல்லை. நல்லெண்ணெயும் தாளிப்பும் இல்லாமல் ஒரு நாள் ஓடாத ஊரில் இது யோசிக்க வேண்டிய விஷயம்.

சட்டம் போட்டால் மட்டும் போதாது என்பதற்கும் எள்தான் சாட்சி. அமெரிக்கா 2021-ல் சட்டம் இயற்றி 2023 முதல் எள்ளைப் பட்டியலில் சேர்த்தது. எள் துளிகூடப் படாமல் உற்பத்தி வரிசையைச் சுத்தம் செய்வது சிரமம் என்று, சில ரொட்டி நிறுவனங்கள் வேண்டுமென்றே மாவில் கொஞ்சம் எள் சேர்த்து, "எள் உள்ளது" என்று அச்சடித்துவிட்டன. விதிப்படி சரி. அலர்ஜிக்காரருக்கு இருந்த ரொட்டியும் போயிற்று.

மூடியில் எழுதிய வார்த்தை

பாக்கெட் உணவை விடுங்கள். சமையற்கட்டில் என்ன நடக்கிறது? 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் வட யார்க்‌ஷையரில் 38 வயதுக்காரர் ஒருவர் இந்திய உணவகத்திலிருந்து சிக்கன் டிக்கா மசாலா பார்சல் வாங்கினார். தனக்கு வேர்க்கடலை ஆகாது என்று தெரிந்தவர். கொட்டை வகை எதுவும் வேண்டாம் என்று சொல்லித்தான் வாங்கினார். பெட்டியின் மூடியிலும் அப்படியே எழுதிக் கொடுத்தார்கள். அன்று இரவே இறந்துபோனார். வழக்கில் தெரியவந்தது இதுதான்: கடனில் இருந்த முதலாளி, குழம்புக்குப் போடும் பாதாம் பொடிக்குப் பதிலாக விலை குறைந்த, வேர்க்கடலை கலந்த பொடியை வாங்க ஆரம்பித்திருந்தார். 2016-ல் அவருக்கு ஆறு ஆண்டு சிறை.

இதில் எஞ்சினியர்களுக்கு ஒரு பாடம் உண்டு. ஒரு பாகத்தை மாற்றினால் டிராயிங்கையும் மாற்று என்பது நம் அரிச்சுவடி. அங்கே சரக்கு மாறியது, பட்டியல் மாறவில்லை. மூடியில் எழுதிய வார்த்தை பழைய பட்டியலுக்குச் சொந்தமானது.

அதே 2016 ஜூலையில் நடாஷா என்ற 15 வயதுச் சிறுமி லண்டன் விமான நிலையக் கடையில் வாங்கிய சாண்ட்விச்சைச் சாப்பிட்டு இறந்தாள். எள் ரொட்டி மாவுக்குள்ளேயே சேர்ந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாது. கடையிலேயே கட்டித் தரும் உணவுக்கு முழு லேபிள் அன்று கட்டாயம் இல்லை. பெற்றோர் போராடினார்கள். 2021 அக்டோபர் 1 முதல் அத்தகைய உணவுக்கும் முழுப் பட்டியல் கட்டாயமாயிற்று. அதை 'நடாஷா சட்டம்' என்கிறார்கள்.

சாமான் லிஸ்ட்

நம் ஊரில் இந்தப் பட்டியல் ஒரு காலத்தில் இருந்தது. கல்யாணம் நிச்சயமானதும் சமையல்காரர் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து சாமான் லிஸ்ட் சொல்லுவார். துவரம்பருப்பு இத்தனை, முந்திரி இத்தனை, பெருங்காயம் இத்தனை என்று மாமாவோ சித்தப்பாவோ எழுதிக்கொண்டு போய் மளிகைக் கடையில் வாங்கி வருவார். ஆகவே இலையில் விழுவது என்ன என்பது வீட்டில் யாருக்காவது தெரியும். இன்று இலைக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட். அது வசதி, குறை சொல்லவில்லை. ஆனால் சாமான் லிஸ்ட் நம் கையை விட்டு காண்ட்ராக்டர் கைக்குப் போய்விட்டது. நமக்கு வருவது மெனு கார்டு மட்டும். மெனு என்பது பெயர்ப் பட்டியல். சாமான் லிஸ்ட்தான் பொருள் பட்டியல்.

பந்தியில் எவை ஒளிந்திருக்கின்றன? குருமாவில் முந்திரி விழுது. காலிஃபிளவர் 65-ல் மைதா. ஃப்ரைட் ரைஸில் சோயா சாஸ், அந்த சாஸுக்குள் பெரும்பாலும் கோதுமை. புளியோதரைப் பொடியில் எள். இன்னொன்று, பலருக்கு வியப்பாக இருக்கும்: நன்றாக ரிஃபைன் செய்த கடலை எண்ணெயில் புரதம் ஏறக்குறைய இருக்காது, நாம் உயர்வாக நினைக்கும் செக்கு எண்ணெயில் இருக்கலாம். வேர்க்கடலை அலர்ஜிக்காரருக்கு ஆபத்து இரண்டாவதில்தான். கிருமி என்றால் கொதிக்க வைத்துக் கொல்லலாம். வேர்க்கடலையின் குணம் வறுத்தாலும் பொரித்தாலும் போகாது. ஒரே கரண்டி, ஒரே வாணலி போதும், ஒன்றிலிருந்து மற்றதற்குப் போய்ச் சேர.

இப்போது விடுதியில் இருக்கும் மெஸ் கமிட்டித் தம்பி தங்கைகளுக்கும், அடுத்த சங்கம நாளை நடத்தப்போகும் அண்ணன்மார்களுக்கும் என் யோசனை இதுதான். சமையல் மாஸ்டரிடம் சாமான் லிஸ்டைக் கேட்டு வாங்குங்கள். பெருங்காயம், சாஸ், மசாலா என்று ஒரு வரியில் நிற்பவற்றின் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கம் இருப்பதை அதன் கீழே எழுதுங்கள். மெஸ் வாசலில் ஒட்டுங்கள். கடைசி நிமிஷத்தில் சரக்கு மாறினால் லிஸ்டையும் திருத்தச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத பொருள் உள்ளவர்களுக்கு வேறு பாத்திரத்தில், வேறு கரண்டியில், பந்தி தொடங்கும் முன்பே எடுத்து வையுங்கள். கேட்பவரை, "ரொம்பத்தான் அலட்டிக்கிறான்" என்று சொல்ல வேண்டாம். சாப்பிட்ட சில நிமிடத்தில் உதடு நாக்கு வீங்கி மூச்சு இழுத்தால், மோர் கொடுத்து உட்கார வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து.

இதற்குச் செலவு ஒரு தாள், ஒரு பேனா, மாஸ்டரோடு அரை மணி நேரப் பேச்சு. மாஸ்டர்கள் மறைப்பதில்லை, அவர்களை யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். மாதா மாதம் அந்தத் தாளைப் புதுப்பிக்கும் பொறுப்பை முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருக்குக் கொடுங்கள். பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் எழுதப் பழகியது போலவும் இருக்கும்.